மைனஸ் மூன்று

முதலில் ஒரு திருத்தம்:
சவாமாலா ஆற்றங்கரை அல்ல.
ஆறு இன்னும் காலி செய்து கொடுக்காத வீடு.

சாவா ஆறு மேற்கிலிருந்து வரும்,
சம்பளம் வாங்கிய மாலைபோல, அவசரமில்லாமல்.
பெல்கிரேடு கோட்டையடியில் டான்யூபில் கலக்குமுன்
இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்காரும்.
சாய்ந்த இடத்தில் ஒரு குட்டை.
கிண்டலாக வெனிஸ் என்றார்கள்.
கனவான்கள் வாத்து சுட வருவார்கள்.
விழுந்த வாத்துக்குச் சேற்றில் இறங்குவது
வேறு ஆட்கள்.

என்னைக் கேட்டால் எப்படித் தெரியும் என்பீர்கள்.
இருபத்தாறு வருடமாக இந்தப் பேட்டையின்
தண்ணீர் மீட்டர்களைக் குனிந்து படிக்கிறேன்.
மாடிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
நிலவறைகள் தெரியும்:
எந்தச் சுவரில் உப்புப் பூக்கும்,
எந்த மூலையில் மார்ச் மாதம் தவளை வரும்.

அக்கரை அப்போது வேறு சாம்ராஜ்யம்,
வேறு நாள்காட்டி.
படகேறிப் போனால் பன்னிரண்டு நாள் முன்னால் இறங்கலாம்;
திரும்பினால் இழந்த நாட்கள் கையில்.
கடன்பட்டவர்களுக்கு இதைவிட நல்ல ஆறு கிடைக்குமா?

இக்கரையில் குடிசைகள்.
நகரத்துக்கு அழகில்லை, மேட்டுக்குப் போங்கள் என்று
மேலிருந்து ஆணை வந்தது.
போகவில்லை.
கொளுத்தினார்கள்.
அதே சாம்பலில் கிடங்குகள், ஒரு வங்கி, சாராயக் கடைகள்.
பிறகு மண் கொண்டுவந்து
குட்டையின் வாயை மூடி, அதன்மேல்
மஞ்சள் முகப்போடு ரயில் நிலையம் வைத்தார்கள்.
வியன்னாவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாரும்
வாத்துகளின்மேல் நின்றுதான் எடுத்தார்கள்.

ஒரு கோடை, நிலையத்தருகே பூங்காவில்
குந்தூஸிலிருந்து நடந்து வந்தவர்கள் படுத்திருந்தார்கள்.
ஒருவன் தன் ஷூவைக் கவிழ்த்துக் காட்டிக்
குழாய் எங்கே என்றான், கையாலேயே.
திறந்துவிட்டேன்.
அந்த ஆகஸ்டில் ஒரு கணக்கு இடிக்கும்.
எழுதாமல் விட்ட லிட்டர்கள் என்னுடையவை.

அடுத்த வசந்தத்தில்
முகமூடி போட்டவர்கள் ராத்திரியில் வந்து
ஒரு தெருவையே வழித்துப் போனார்கள்.
காவல் நிலையத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம்.
விடிந்ததும் புத்தகத்தோடு போனேன்,
படிக்கும் தேதி அது.
கூரை இல்லை, கதவு இல்லை.
இடிபாட்டுக்கு நடுவே மீட்டர்கள் மட்டும்
சுற்றிக்கொண்டிருந்தன, யாரோ உள்ளே
குளித்துக்கொண்டிருப்பதுபோல.
எண்களைக் குறித்துக்கொண்டேன்.
வேறென்ன செய்வது?

இப்போது கண்ணாடிக் கோபுரங்கள்.
ரயிலும் நின்றுவிட்டது.
நேற்று ஸ்த்ராஹின்யா கூப்பிட்டான்,
கோபுரத்தின் எஞ்சினியர், என் மகன் வயது.
"விதோசவா, மைனஸ் மூன்றாம் தளத்தில் தண்ணீர்.
எந்தக் குழாய் ஒழுகுகிறது, பாருங்கள்."
வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்தோம்.
கட்டடமே மூச்சுப் பிடித்து நின்றது.
மீட்டர் அசையவில்லை.
தண்ணீர் வந்தது.
ஒரு கறுப்புக் காரின் டயரை நிதானமாகச் சுற்றி
அடுத்த காருக்குப் போனது.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
'வெனிஸ்' என்று எழுதினேன்.
அவன் சிரித்து, அதை அடித்து,
'ஈரப்பதம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினான்.

மேலே ஏறும்போது யோசனை வேறெங்கோ இருந்தது:
அசையாத மீட்டருக்கு
யார் பெயரில் பில் போடுவது?