நாலாயிரம் ஜோடி

சாகிர் ஓடுதளத்தில், சி கேலரி வாசலில்
என் வேலை காதடைப்பான் கொடுப்பது.
ஆரஞ்சு நிறப் பஞ்சு, ஜோடி ஜோடியாக.
உருட்டி நசுக்கிச் செருகினால்
உள்ளே போய் மெல்லப் பருக்கும்.

போன பந்தயம் பெட்ரோல் வண்டிகள்.
ஐந்தாம் சுற்றுக்குள் பெட்டிகள் காலி.
அன்று சத்தம் காதில் கேட்கவில்லை,
விலா எலும்பில் கேட்டது.
காகிதக் கோப்பையில் சாயா
வட்டம் வட்டமாய் நடுங்கியது.
பக்கத்தில் நின்ற பெர்க்மான்ஸ் என்னவோ சொன்னான்.
தலையாட்டிவைத்தேன்.
நூறு தினார் கடன் கேட்டிருக்கிறான் என்பது
மறுநாள் அவன் கை நீட்டியபோதுதான் தெரிந்தது.

இந்த முறை மின்சார வண்டிகள்.
சூப்பர்வைசர் அதே நாலு பெட்டியை இறக்கிப்போட்டார்,
பெட்டிக்கு ஆயிரம் ஜோடி.
யாரும் வாங்கவில்லை.
ஒரு சிறுவன் மட்டும் வாங்கி
மிட்டாயா என்று முகர்ந்து பார்த்தான்.

சிவப்பு விளக்குகள் அணைந்தன.
இருபது வண்டிகள் கிளம்பின.
அடுத்த அறையில் பல் டாக்டர் வேலை பார்ப்பதுபோல்
ஒரு ஊளை, அவ்வளவுதான்.
"இது பந்தயமா, சலவை எந்திரமா?"
முன்வரிசையில் அபு யாகூப் அரபியில் கேட்டார்.
கேலரியே சிரித்தது.
வண்டி ஓடும்போது ஒருவர் சொன்னது
இன்னொருவருக்குக் கேட்டது
இங்கே அதுதான் முதல் தடவை.

அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.
பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால்
இந்தத் தீவின் முதல் எண்ணெய்க் கிணறு.
அவருடைய அப்பா வயலில் வால்வு திருகியவராம்.
இரைச்சல்தான் அந்த வீட்டில் உலை வைத்தது.

ஏழாம் சுற்றில் எனக்கு வேறு சத்தங்கள் பிடிபட்டன.
வளைவில் டயர் தோலுரியும் கிறீச்.
கல் ஒன்று தெறித்துத் தடுப்பில் டங்.
பின்வரிசையில் யாரோ பிஸ்தா உடைப்பது.
எங்கோ தூரத்தில் பாங்கு,
கடைசி வரி வரைக்கும்.

குளிர்பானக் கடை ரோவேனா திரையைக் காட்டினாள்.
ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்தில் சதவீதம்.
முன்னால் போகிறவனுக்கு நாலு.
துரத்துகிறவனுக்கு ஏழு.
இன்னும் இரண்டு சுற்று.
வேகமாய்ப் போனால் வந்து சேரமாட்டான்,
மெதுவாய்ப் போனால் விட்டுவிடுவான்.

இதை எனக்கு விளக்க வேண்டியதில்லை.
கேம்ப் அறையில் எட்டுப் பேர், இரண்டு ப்ளக்.
மூன்று சதவீதத்தில்
எத்தனை சண்டைகளைத் தொடங்காமல் விட்டிருக்கிறேன்,
எத்தனை சமாதானங்களை
பாதி வாக்கியத்தில் முடித்திருக்கிறேன்.

இரண்டு.
அபு யாகூபின் தஸ்பீஹ் மணி
விரல் நடுவில் நின்றுவிட்டது.
ஒன்று.
கடைசி வளைவு.
சைபர்.
வண்டி நிற்கவில்லை,
சறுக்கில் விட்ட சைக்கிள்போல் உருண்டது.
கோட்டுக்கு ஒரு கார் நீளம் இருக்கையில்
மற்றவன் ஓரமாய் நுழைந்து போனான்.

அப்போது எழுந்தது ஒரு சத்தம்.
கேலரித் தகரம் அதிர்ந்தது.
நான் காதைப் பொத்திக்கொண்டேன்,
காலடியில் நாலு பெட்டி பஞ்சு இருந்தும்.

"ஆனாலும் பெட்ரோல் வாசனை இல்லையே"
என்றபடி வெளியேறிய அபு யாகூப்
திரும்பி வந்து ஒரு ஜோடி கேட்டார்.
வீட்டில் பேரன்கள் இருக்கிறார்களாம்.

இரவு கேம்ப்பில் பெர்க்மான்ஸ் கேட்டான்,
"நல்லா இருந்துச்சாடா?"
"தெரியல.
கடைசிச் சுற்றுல பாத்தா
பெட்டி மேல ஏறி நிக்கிறேன்.
எப்ப ஏறினேன்னு ஞாபகமே இல்ல."
அவன் என்னவோ சொன்னான்.
வெளியே ஏசி கம்ப்ரசர்
பழைய பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தது.
இந்த முறை தலையாட்டவில்லை.

கணக்கில் குறைகிற மூன்றாவது ஜோடி
என் சட்டைப் பையில் இருக்கிறது.
இன்னும் செருகவில்லை.
ப்ளக் வரிசையில் என் முறை ஆறாவது.
திரையில் இரண்டு சதவீதம்.
எழிலரசியின் எண்ணை அழுத்தினேன்.
மணி போகிறது.