பதினேழும் பத்தொன்பதும்

"இடமில்லை" என்றாள் மார்லீன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னதால்
வேறேதோ மொழிபோல் கேட்டது.
எனக்குத் தெரியும்.
ஆஸ்பத்திரிக் கடிதம் வந்த இரவே
நிலவறைக்கு இறங்கி எண்ணிப் பார்த்தேன்.
இருபத்துநாலு பிரேக்கர், இருபத்துநாலும் நிறைவு.

இயந்திரத்துக்குத் தனி சர்க்யூட் வேண்டுமாம்.
வேறெதுவும் அதில் பங்கு கேட்கக் கூடாதாம்.
பங்கு கேட்காத பொருள் இந்த வீட்டில் ஏது?
உழுந்து அரைத்தால் மைக்ரோவேவ் செத்துப்போகும்.

பேனல் கதவின் உட்புறம் பென்சில் எழுத்து,
வீட்டை எங்களுக்கு விற்ற எய்னோவின் கை.
உலை. அடுப்பு. லீசாவின் அறை.
ஓரிடத்தில் வெறும் கேள்விக்குறி.
பதினேழும் பத்தொன்பதும் சேர்ந்து
தடித்த ஒரு பிரேக்கர், நாற்பது ஆம்ப்,
எதிரே ஒரே சொல்: சவுனா.

"எங்கே அது?"
காட்டினேன்.
தேவதாரு மணம் இன்னும் போகாத சிற்றறை.
எய்னோ குடும்பம் உட்கார்ந்து வியர்த்த பலகைகளில்
அரிசி மூட்டை, வெங்காயம், ஊறுகாய்ப் போத்தல்கள்.
ஹீட்டரை முதல் குளிர்காலமே விற்றாயிற்று,
அறுபது டாலர்.
வாங்கியவன் கற்களையும் எண்ணி எடுத்துப் போனான்.
ஒன்பது வருடமாக ஒரு வயர்
சுவருக்குள் நுனிக்குத் தொப்பி போட்டு நிற்கிறது.
ஒன்பது வருடமாக நாற்பது ஆம்ப் காவல்
இல்லாத சூட்டுக்கு.

மெயினை இறக்கினாள்.
நான் இதுவரை கேட்டே இராத
எத்தனையோ முனகல்கள் ஒரேயடியாக நின்றன.
தண்டர் பேயில் ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
"மேலே இந்த இரண்டு திருகும் இப்போதும் உயிர்.
தெருவிலிருந்து வருவது.
அதை என்னால் நிறுத்த முடியாது" என்றாள்,
தொடாதே என்பதற்குப் பதிலாக.

மாடியிலிருந்து குகதாசன்:
"இருட்டாக் கிடக்கு, என்ன பிழை?"
"ஒண்டும் பிழையில்லை."
கிழமையில் மூன்று விடியல்,
உறைந்த கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி
அவரை ஏற்றிப்போன காரை நினைத்துக்கொண்டே சொன்னேன்.

தடித்ததை உருவினாள், கடைவாய்ப் பல்போல.
பதினேழில் புதிது, ஒற்றை, இருபது ஆம்ப்.
பத்தொன்பதின் ஓட்டைக்கு ஒரு தகடு.
எய்னோவின் வியர்வைக்குப் போன வழியில்
இனி இவரின் ரத்தத்துக்கு.

பென்சிலை என்னிடம் நீட்டினாள்.
நோயின் பெயரை எழுதக் கை போகவில்லை.
சவுனாவை வெட்டவும் மனமில்லை.
அருகில் எழுதினேன்: குகன்.
"இன்ஸ்பெக்டருக்கு இது படம்" என்று சிரித்துவிட்டு
கீழே தன் கொட்டை எழுத்தில்
வேண்டியதை எழுதினாள்.
பத்தொன்பதுக்கு எதிரே
இருவரும் ஒன்றும் எழுதவில்லை.

மெயின் ஏறியது. உலை இருமித் தொடங்கியது.
மைக்ரோவேவ் பன்னிரண்டில் நின்று
கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.
நேரம் வைக்க மேலே போனேன்.