பதிமூணு கிலோ

பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் பின்னால்
புளி மண்டி. தகரக் கூரையில் பங்குனி.
என் கையில் ஸ்டாப்வாட்ச், கட்டம் போட்ட தாள்.

ஆய்வேட்டின் முதல் பக்கம் இப்படித் தொடங்கும்:
நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால்
கடலுக்கு அப்பால் ஒருவர்
பிள்ளைகளிடம் தூண்டில் சக்கரத்தைக் கொடுத்துச்
சுற்றச் சொன்னார்.
முதலில் தனியாக. அப்புறம் பக்கத்தில் ஒரு ஆளோடு.
ஆள் இருந்தால் கை வேகமாகும் என்றார்.
எங்கள் பாடமே அந்தச் சக்கரத்தில்தான் சுழல ஆரம்பித்ததாம்.

என்னிடம் சக்கரம் இல்லை.
புளி இருந்தது.

தீர்த்தம்மா, மாதேவி, கெம்பம்மா,
பேர் சொல்லாத ஒருத்தி. தாளில் அவள் நபர் நான்கு.
வலது கட்டைவிரல் வெடித்துத் துணி சுற்றியிருந்தாள்.

ஒவ்வொருவராகக் குடோனில் தனியே உட்காரவைத்தேன்.
ஓடு போன பழம். இரும்புத் துண்டால் ஒரு தட்டு.
கொட்டை தெறித்து விழும், நார் விரலோடு வரும்.
அரை மணியில் கெம்பம்மா ஒரு கிலோ முந்நூறு.
நபர் நான்கு ஐந்நூறு.

பிறகு நால்வரையும் சேர்த்து.
ஏறும் என்றது கருதுகோள்.
இறங்கியது.
கெம்பம்மா எண்ணூறு. தீர்த்தம்மா எண்ணூறு.
மாதேவி எழுநூற்றுத் தொண்ணூறு.
நபர் நான்கும் எண்ணூறு.

மாதேவியின் முறத்திலிருந்து ஒரு கை புளி
திரும்பிப் பார்க்காமலே
நபர் நான்கின் முறத்துக்குப் போனதைப் பார்த்தேன்.
என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

கூட்டத்தில் ஆளுக்கு ஆள் கை ஓயும்,
கயிறு இழுக்கவிட்டு அளந்த இன்னொருவர் சொன்னது.
சமூகச் சோம்பல் என்று எழுதினேன்.
அடியில் கோடும் போட்டேன்.

டீ நேரத்தில் கெம்பம்மா என் பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.
"போன வருசம் ஒருநா பதினாறு கிலோ தட்டிட்டேன்.
மறுநாளே எல்லாருக்கும்
பதினொண்ணு இருந்தது பதிமூணு ஆயிப்போச்சு. கூலி அதேதான்.
மூணு மாசம் இவளுங்க எங்கூடப் பேசல.
தண்ணிச் சொம்பக்கூட நானே போயி எடுத்துக்கணும்."
கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தாள்.
"தனியா உக்கார வச்சியே,
கை பழக்கத்துல ஓடிருச்சு."

எண்ணூறைப் பதினாறு அரைமணியால் பெருக்கினேன்.
பதிமூணுக்கு இருநூறு கிராம் குறைவு.
அந்த இருநூறு கிராம்
பாத்ரூம் போய்வர என்று நினைக்கிறேன்.

கோடு போட்ட வார்த்தையை அடித்தேன்.
பதிலுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
ஒரு ரயில் நிற்காமல் போனது.

கிளம்பும்போது மண்டிக்காரர் எதிரே வந்தார்.
நல்ல மனுஷர். காலையில் எனக்குக் கோலிசோடா வாங்கித் தந்தவர்.
"படிச்ச பொண்ணு, யாரு எவ்வளவுன்னு கணக்கா எழுதிருப்ப.
ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போம்மா."

சரிங்க என்று வாய் வரைக்கும் வந்தது.
அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது,
ஐந்தாவது அத்தியாயம்,
மரியாதையாகக் கேட்பவருக்கு நாம் தலையாட்டுவது பற்றி.

"கரண்ட் இல்லீங்களே" என்றேன்.

எதிரே ஜெராக்ஸ் கடையில்
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
அவரும் பார்த்தார்.