இருபத்தெட்டுத் தூண்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழ்
டயர் கடை மாடியில்
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.
ஆராதனை முடிந்தவர்கள்
ஒரு கையில் வேதாகமம்
மறு கையில் செருப்புப் பெட்டியோடு ஏறி வருவார்கள்.
ஹமீம் தக்கலையிலிருந்து
ஸ்கூட்டரின் முன்னால் பிள்ளையை நிறுத்துவதுபோல்
முட்டம் கலங்கரை விளக்கத்தை நிறுத்திக்கொண்டு.

ஒன்பது பேர். எல்லாருக்கும் முப்பது தாண்டியாச்சு.
இவ்வளவு கட்டை யாருக்கு என்று கடைக்காரர் கேட்டால்
"பிள்ளைக்கு" என்போம்.
ஷாலெட்டுக்குப் பிள்ளை இல்லை.
"எனக்கு" என்பாள்.
ஒன்பது பேரில் பொய் சொல்லாதவள் அவள்தான்.

இரண்டு பெஞ்சு, மேலே ஒரு ஃபிளக்ஸ்;
ஃபிளக்ஸில் யாரோ மணமக்கள், தலைகீழாக.
அவர்கள் நெற்றிமேல் அன்றைய சரக்கு.
குளச்சல் பெர்ஜினின் விசைப்படகு;
வலை, அவன் பெண்டாட்டியின் பழைய கொண்டை வலை.
தாணுவின் பலாப்பழம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு முள், எண்ணிக்கோ என்றான்.
டார்வின் நிஜமாகவே எண்ணினான்.
முந்நூற்றுப் பதினொன்று.
"ஒண்ணை அணில் கொண்டு போச்சு மக்கா."
நான் கொண்டுபோனது
ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின்.
பிடியைச் சுற்றினால்
உருளைகளுக்கு நடுவே வெள்ளைத் தகடு வரும்.
சில நேரம் வராது.

இங்கே யாரும் கை தட்டுவதில்லை.
ரசிப்பது என்றால்
எடுத்துக் கவிழ்த்து அடிவயிற்றைப் பார்ப்பது.
எந்தக் கட்டை எதைக் கடித்திருக்கிறது,
வெளியே தெரியாத இடத்தில்
எத்தனை மஞ்சளை ஒளித்திருக்கிறான்.
பார்த்துவிட்டு, வைத்த இடத்தில் வைத்து
"கொள்ளாம்" என்பது.
அதற்குமேல் ஒரு சொல் வந்தால்
ஆள் கடன் கேட்கப் போகிறான் என்று பொருள்.

ஷாலெட் அன்று பிந்தி வந்தாள்,
நெய்யூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்து,
ஏத்தங்காய் சிப்ஸ் வந்த அட்டைப்பெட்டியோடு.
உள்ளே மாத்தூர் தொட்டிப்பாலம், ஆறு மாத வேலை.
திறந்தாள்.
சாம்பல் நிறக் குவியல்.
இருபத்தெட்டுத் தூணில் நின்றது நாலு.
"இரவிபுதூர்கடை குழியில பஸ் குதிச்சுது" என்றாள்.
மாஸ்க்கைக் கழற்றவே இல்லை.

ஆறுதல் சொல்லத் தெரியாத கூட்டம் நாங்கள்.
பெர்ஜின் பெட்டியை அப்படியே
மணமக்கள் முகத்தில் கவிழ்த்தான்.
அரிசியில் கல் பொறுக்குவதுபோல் குனிந்தோம்.
பாதியும் தேறவில்லை. மீதி பஸ்ஸின் சீட்டுக்கடியில்
களியக்காவிளைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஹமீம் விளக்கத்தின் இரண்டு மாடியைக் கழற்றினார்.
படகு தன் மேல்தளத்தை இழந்தது.
தாணு முள் பிடுங்கினான், முகம் சுளித்தபடி.
என் மிஷினின் உருளைகள் சாம்பல் நிறம்.
ஒரு நிமிஷம் அவற்றை உள்ளங்கையால் மூடி வைத்திருந்தேன்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
பிறகு கொடுத்தேன்.

டீ ஆறி, ஏடு படிந்து,
நாலரைக்குப் பாலம் நின்றது.
பதினேழாம் தூணில் சிவப்பும் வெள்ளையும் பட்டை.
இருபத்துமூன்றில் பலா முள்.
தொட்டி இடப்பக்கம் லேசாகச் சரிந்து
தண்ணீர் வந்தால் தாணு மடியில்தான் விழும்.

அதைக் கவிழ்த்துப் பார்க்க முடியாது.
ஷாலெட் மாஸ்க்கை இறக்கி
கன்னத்தை பெஞ்சில் வைத்து
ஒற்றைக் கண்ணால்
தூண்களின் ஊடே அந்தக் கடைசி வரை பார்த்தாள்.
வெகுநேரம். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தோம்.
"இது என் பாலம் இல்ல" என்றாள்.
யாரும் மூச்சு விடவில்லை.
"கொள்ளாம்."

செவ்வாய்க்கிழமை கடையில்
ஷீட் எடை போடக் குனிந்தபோது
சட்டைப்பையிலிருந்து தராசில் விழுந்தது
சாம்பல் நிறக் கட்டை ஒன்று.
எந்தத் தூணுடையது, தெரியவில்லை.
எண் மாறவில்லை: நாற்பத்தொன்று கிலோ, இருநூறு.
ஷீட் கொண்டுவந்தவர் என்னையும் தராசையும்
மாறி மாறிப் பார்த்தார்.
பாலம் நிற்கிறதா என்று
ஷாலெட்டிடம் கேட்கலாம்.
கேட்டால் எடுத்தவன் நான் என்று தெரிந்துவிடும்.

ஞாயிறுக்கு இன்னும் இருபத்தாறு நாள்.