மாறி ஏறுமிடம்

பதினேழு வருஷம் இடது தோளில் தோல்பை.
சில்லறையின் கனம் எலும்புக்குள் இறங்கிவிட்டது.
யூனிபாரம் தைக்கிற எட்வின் டேப்பை வைத்துவிட்டுச் சொன்னான்:
இந்தப் பக்கம் ஒரு விரல் தாழ்வு, கண்டக்டரே.
முதுகில் எந்தப் பாரமும் ஏற்றாதீர்கள் என்றார்
மார்த்தாண்டத்து டாக்டர்.
தண்ணீருக்கடியில் போக ஆசை என்று
அவரிடம் நான் வாயே திறக்கவில்லை.

பளுகல் தாண்டி, செக்போஸ்ட் தாண்டி,
கல் தீர்ந்ததும் விட்டுப்போன குவாரி.
ரெஜிமோள் கரையில் இரண்டு சிலிண்டர்களைக் கிடத்தியிருந்தாள்,
இரட்டைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கொண்டுவந்தவள் போல.
'முதுகில் ஒண்ணும் வேண்டா, அண்ணா.
ரெண்டும் விலாவோடு.'

அடிக்கொக்கி இடுப்பு வளையத்தில்.
மேலே கழுத்தை ரப்பர் கயிறு அணைத்துக்கொள்ளும்.
கரையில் அவ்வளவுதான்.
இருட்டில் தடவியே
அஞ்சு ரூபாயையும் ரெண்டு ரூபாயையும் பிரிக்கிற விரல்கள் இவை.
தண்ணீருக்குள் அவற்றுக்கு எல்லாம் மறந்துபோனது.
வளையத்தைத் தவிர எல்லாவற்றிலும் மாட்டியது கொக்கி,
குழாயில், பெல்ட்டில்,
ஒருமுறை ரெஜிமோளின் கையுறையில்.

கூடப் படித்த டெல்பினுக்குப் பாறசாலையில் வெல்டிங் பட்டறை.
முதல் நாளே மிதந்தான், உத்தரம் போல மட்டமாக.
நான் குழித்துறை வளைவில் வைக்கோல் லாரி.
என் காலடித்த சேறு எழும்பி
அவனையும் மறைத்தது, என்னையும்.
சிலேட்டில் அவள் எழுதிக் காட்டினாள்: பய்யே.
மலையாள எழுத்து. பஸ் போர்டு பார்த்துப் பார்த்தே
வாசிக்கக் கற்றது.
எங்கள் ஊரிலும் பைய என்றால் பையத்தான்.

இரண்டாம் நாள் கணக்கு.
வலதில் முப்பது பார் குடி.
அதை எடுத்துவிட்டு
கழுத்தடியில் தொங்குகிற மற்றதைக் கடி.
இடதில் முப்பது. திரும்ப வலது.
ஒரே பக்கம் தீர்த்தால் உடம்பு சரியும்.

இது எனக்குத் தெரியும்.
களியக்காவிளையில் தினமும் பார்க்கிறேன்.
எங்கள் வண்டி நின்றுவிடும்.
அந்தப் பக்கத்து வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்.
நடுவில் பத்தடி ரோடு.
இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை,
எந்த வண்டியிலும் இல்லாத ஒருத்தி
அதைக் கடக்கிறாள்.

ஒன்றை விட்டு மற்றதைக் கடிக்குமுன்
வாய் அந்தப் பத்தடியில் நிற்கிறது.
மூச்சைப் பிடிக்காதே, குமிழி விடு என்றிருந்தாள்.
விட்டேன்.
விசில் இல்லாமல் விசில் அடித்தேன், சின்னதாக,
ஆள் இறங்கணும் என்கிற ஒற்றை விசில்.

மூன்றாம் நாள், பன்னிரண்டு மீட்டர்.
வெடிமருந்துக்குத் துளைத்த கோடுகள் பாறை நெடுக.
துருப்பிடித்த டிப்பர் கதவு ஒன்று, மேலே மீன்குஞ்சுகள்.
அப்போதுதான் இடது ரெகுலேட்டர் கொட்டத் தொடங்கியது,
கடைசி வண்டியில் ஏறிய குடிகாரன் போல
நிறுத்தாமல், யாரிடம் என்றில்லாமல்.
ரெஜிமோள் எதிரில்.
அவள் கை நகரவில்லை.

வலதைக் கடித்தேன்.
இடது கை தானே போனது அக்குளுக்கு.
வால்வு அங்கேதான் இருந்தது,
கண்ணுக்கு நேரே, பித்தளை, பச்சைக் குமிழ்.
முதுகிலிருந்தால் தேடியிருப்பேன்.
திருகினேன்.
திருகினேன்.
நின்றது.

மீட்டர் பார்த்தேன்.
இடதில் எழுபது, வலதில் நூற்று முப்பது.
காற்றிழந்த சிலிண்டர் வாலைத் தூக்கிக்கொண்டு மேலே வர
நானும் கொஞ்சம் சரிந்தேன், வலப்பக்கமாக.
பதினேழு வருஷத்தில் முதல் தடவை
என் இடது தோள் உயரத்தில்.
சரிசெய்யச் சொல்லிக் கை காட்டினாள்.
இரு, என்று நானும் காட்டினேன்.

மண் துகள் மாட்டியிருக்கும் என்றாள் கரையில்.
இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் வந்திருப்பேன் என்றாள்.
எந்த நிமிஷம் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் அஞ்சு நாற்பது வண்டி, நாகர்கோவில் வரை.
பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன்.
கை எல்லாம் தப்பான பக்கம் போனது.
குழித்துறையில் ஒரு பெண்
மீதி மூன்று ரூபாய்க்காகக் கத்தினாள்.
பைய, அம்மா, என்றேன்,
தடவிக்கொண்டே.