ஆறு மீன் வண்டி

கன்னங்குறிச்சியில் இதற்கு வைத்த பெயர் தவளை.
பானெட் மேலே வாயைப் பிளந்த ஒரு பொந்து,
அதைப் பார்த்து எதிர்வீட்டுப் பையன் வைத்தது.

ஏற்காட்டு எஸ்டேட் ஷெட்டில் ஒன்பது வருஷம்
காப்பிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது.
டேனியல் துரைராஜ் போனபின் அவர் மகள்
எடைக்குப் போடப் பார்த்தாள்.
எடைக்கு மேலே எட்டாயிரம் வைத்தேன்.
டெம்போவில் கட்டி இறக்கிய அன்று
விஜயகௌரி கேட்டது ஒன்றுதான்:
"இதில் பித்தளை எவ்வளவு தேறும்?"

முகப்பில் ஆறு நட்சத்திரம்.
சுபாரு என்றால் ஜப்பானில் கார்த்திகையாம்.
ஆறு பெண்களில் ஒருத்திக்கு முலாம் போயிருந்தது.

மற்ற வண்டிகளில் பிஸ்டன்கள் நிற்கும்.
இதில் படுத்திருக்கின்றன,
இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு,
சண்டை போட்டுத் திரும்பிப் படுத்த
எங்களைப் போல.
பிளக் கண்ணுக்குத் தெரியாது.
நான் அஸ்தம்பட்டியில் பல் வார்க்கும் லேப்காரன்.
வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டேன்.
கறுத்து, ஓரம் அரித்து,
கடைவாய்ப்பல் போலவே இருந்தது.

ஹெட் கேஸ்கெட் சேலத்தில் இல்லை.
கோயம்புத்தூரில் சிரித்தார்கள்.
சென்னையில் ஒருவர் "சுபாவா?" என்றார்.
சிவதாபுரத்தில் கொலுசுக்கு அச்சு வெட்டும் குப்பண்ணன்
பழைய கேஸ்கெட்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்து
"யாரு காலுக்குங்க இது?" என்றார்.
பிறகு பேசவில்லை.
செம்புத் தகட்டில் மூன்று ராத்திரி வெட்டினார்.
சிவக்கக் காய்ச்சி வாளித் தண்ணீரில் விட்டபோது
தெருநாய் எழுந்து ஓடியது.
கூலி?
"ஓடுனா வாங்கிக்கறேன்."

விசிறி மாருதியுடையது. ஹோஸ் ஏதோ டிராக்டருடையது.
பின் ஸ்பிரிங் எதனுடையது என்று
விற்ற இரும்புக்கடைக்காரருக்கே தெரியாது.
மாட்டியதும் பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கிக்கொண்டு
வண்டி தரையை மோந்து பார்த்தது.

ஞாயிறு, விடியலுக்குமுன், சாவியைத் திருப்பினேன்.
ஒரு கால் தாங்கி நடப்பவன் பறையடித்தால் எப்படியோ
அப்படி ஒரு சத்தம்.
அடுத்த வீட்டு ஜன்னல் மூடியது. எங்கள் வீட்டு ஜன்னல் திறந்தது.
"தனியா போக வேண்டாம்" என்று
பிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தாள்.

பதினோராவது வளைவில் முள் ஏறியது.
சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்து நின்றேன்.
செம்பு கைவிட்டது என்றே முடிவு செய்தேன்.
மனசுக்குள் மறுபடி எல்லாம் கழற்றி
தரையில் வரிசையாக அடுக்கியும் விட்டேன்.
கடந்து போன பஸ்ஸிலிருந்து கண்டக்டர்
"எந்த ஊரு வண்டிண்ணா?" என்று கத்தினார்.
கீழே சேலம் வெள்ளையாகக் கிடந்தது,
சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் மட்டும் இன்னும் வெள்ளையாக.

குனிந்து பார்த்தவள் சொன்னாள்:
"ஒரு சொட்டு ஒழுகலையே."
ஆற விட்டோம். டீ குடித்தோம்.
குரங்கொன்று பிளாஸ்க் மூடியை எடுத்துக்கொண்டு போனது.
முக்கால் மணி கழித்து
ஈரத்துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன்.
கொளக்.
தண்ணீர் ஒரு சாண் உள்ளே இறங்கியது.
ஊற்றினோம். மறுபடி கொளக்.

மூக்கு மேட்டைப் பார்த்து நின்றதால்
அடைபட்ட காற்றெல்லாம் முன்னே வந்து வெளியேறுகிறது.
என் வாசலில் அது குனிந்தே நின்றிருந்தது.
இதை நான் யோசித்து முடிக்கும்முன்
விஜயகௌரி ஒரே வரியில் முடித்தாள்:
"பால் குடுத்துட்டு ஏப்பம் விட வைக்காம
படுக்கப் போட்டா வேற என்னாகும்?"

பச்சைப்பிள்ளை முதுகைத் தட்டுவதுபோல்
மட்கார்டை இரண்டு தட்டுத் தட்டினாள்.
கடைசியாக ஒரு பெரிய குமிழி வந்தது.

இருபதாவது வளைவு வரை முள் நடுவிலேயே நின்றது.
ஏரிக்கரையில் நின்று குப்பண்ணனுக்குப் போன் போட்டேன்.
"கூலிய எண்ணி வையுங்க" என்றார், எவ்வளவு என்று சொல்லாமல்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும்
பிரேக் மயில் மாதிரி அகவியது.
அது அடுத்த ஞாயிற்றுக்கு.