முட்டையைத் தொட்ட பஞ்சு

ஏணியைப் பிடித்துக்கொள்கிறார் ரேவண்ணா.
தூங்குமூஞ்சி மரத்தில் எட்டடி உயரம்,
பலகைப் பெட்டி, எண் நாற்பத்தொன்று.
பட்டாணிக் குருவி இரை தேடப் போயிருக்கிறது.
எனக்கு இருப்பது நான்கு நிமிடம்.

பாசியும் நாய்மயிரும் பரப்பிய குழியில்
ஐந்து முட்டை.
வெள்ளையில் செம்புள்ளி,
சிவப்பு மைப் பேனாவை யாரோ உதறிவிட்டுப் போனது போல.
ஒவ்வொன்றையும் ஈரப் பஞ்சால் ஒருமுறை,
ஒரே ஒருமுறை சுற்றித் துடைத்துக்
குப்பிக்குள் முறித்துப் போடுகிறேன்.
கையுறைக்குள் விரல் வியர்க்கிறது.
என் கிருமி அதில் படக் கூடாது.
இந்தக் கதையில் எனக்கு இடமில்லை.

போன வாரம் அவளிடம் வாங்கியது
சிறகடி நரம்பிலிருந்து ஒரு துளி.
பகை எது என்று கண்டுசொல்லும் மரபணுக்கள்
அவளுக்கு எத்தனை வகை?
சில தாய்களுக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம்.
ஓட்டின்மேல் யார் குடியேறலாம்,
யார் வாசலோடு திரும்ப வேண்டும் என்பது
அதைப் பொறுத்ததா?
இதுதான் கேள்வி.
மூன்று வருடமாக, நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில்.

ஹெப்பால் மேம்பாலத்தில் ஆட்டோ நகரவில்லை.
மடியில் ஐஸ் பெட்டி கசிகிறது.
"ஏனு மேடம், மீனா?" என்கிறார் ஓட்டுநர்.
முட்டை என்றேன். பிறகு,
முட்டை இல்லை, முட்டையைத் தொட்ட பஞ்சு என்றேன்.
அவர் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை ரேவண்ணா போன் செய்தார்.
நாற்பத்தொன்றின் கீழே
சாம்பல் இறகுகள்,
வளையம் மாட்டிய ஒரு கால்.
வைரி.
அந்த மரபணுக்கள்
இவ்வளவு பெரிய பகைக்கானவை அல்ல.

எங்கள் ஆய்வகத்திலும் அடைகாக்கும் பெட்டி உண்டு.
முப்பத்தேழு டிகிரி, அசையாத இருட்டு.
திங்கள் காலை திறந்தேன்.
வெளிறிய தட்டில் செம்பழுப்புப் புள்ளிகள்;
ஒரு கணம் அந்த முட்டையேதான்.
எண்ணினேன். பத்தொன்பது.
பக்கத்துப் பெட்டிக்காரிக்கு இருநூறுக்கு மேல்.
அவள் யாரை ஓட்டில் தங்க விட்டாளோ
அவர்கள் மட்டும் பொரிந்திருக்கிறார்கள்.

அட்டவணையில் 'தாய்' கட்டத்தில் வளைய எண்.
'குஞ்சு' கட்டத்தில் சுழியம்.
ஏணி, நாங்கள், என் மஞ்சள் மழைச்சட்டை,
வைரி எதைப் பார்த்து அந்தப் பக்கம் வந்தது
என்பதற்குக் கட்டமே இல்லை.

வெற்றுக் கையுறையைத் துடைத்த தட்டையும் பார்த்தேன்.
சுத்தம்.
நான் எதையும் தொடவில்லை என்கிறது அது.
அப்படியே எழுதிக்கொண்டேன்.